அயிரை விட்டு வரால்

“அயிரை விட்டு வரால் இழுக்கிற ஆசாமி” என்று நம்மவர்கள் ஒரு வசனம் சொல்வதுண்டு. தீபாவளிக்கு மேலதிகாரியின் வீட்டுக்கு ஒரு கூடை ஆப்பிள் அனுப்பி வைத்துவிட்டு, பொங்கலுக்குள் உத்தியோக உயர்வை எதிர்பார்த்திருப்பவரைப் பற்றி இப்படிச் சொல்வார்கள். தேர்தல் காலங்களில் இந்த வசனத்துக்கு ஓய்வே கிடையாது. அற்பமான ஒன்றைக் கொடுத்து அருமையான ஒன்றைக் கறந்துகொள்வது என்பதே இதன் தாத்பரியம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டோம்.

உண்மையாகவே தண்ணீரில் இறங்கி அயிரை பிடித்து, அதைத் தூண்டிலில் கோத்து வரால் இழுத்தவர்கள் இதை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். “வரால் பிடிக்கிறது அரை நாழிகை வேலை, அயிரை பிடிக்கிறதுதான் அரை நாள் வேலை” என்பார்கள். பழமொழியை உண்டாக்கிய புண்ணியவான் கரையிலே குடை பிடித்துக்கொண்டு நின்றவராக இருக்கவேண்டும் என்பது என் சந்தேகம். இன்றைக்கு மதுரைச் சந்தையில் உயிருள்ள அயிரை விற்கும் விலையைப் பார்த்தால், வராலை விட்டு அயிரை இழுப்பதுதான் லாபகரமான தொழில் என்றுகூடத் தோன்றும்.

தூண்டிலைப் பற்றி அதிகம் அறியாத வாசகர்களுக்காக இங்கே ஒரு வார்த்தை. கெண்டை வகைகள் பாசியும் தவிடும் மாவுருண்டையும் கொண்டு திருப்தியடைந்துவிடும். மண்புழு கிடைத்தால் வேண்டாம் என்பதில்லை. வெளியூர் போகும்போது மாத்திரம் அநுஷ்டானத்தைத் தளர்த்திக்கொள்ளும் சில பெரியவர்களைப் போல. வரால், வாளை, விலாங்கு முதலியவை அந்த ஜாதி அல்ல. அவை பிற மீன்களைத் தின்று கொழுப்பவை. அதிலும் வரால் அசையாத பொருளைத் திரும்பிப் பார்ப்பது அபூர்வம். துடிக்கிற, துள்ளுகிற, ஓடுகிற ஒன்றைத்தான் அது பாய்ந்து பிடிக்கும். ஆகையால் வரால் வேண்டுகிறவன் முதலில் உயிருள்ள சிறு மீன் சம்பாதிக்க வேண்டும். அந்தச் சிறு மீனைத் தானேதான் சம்பாதிக்க வேண்டும். கடையில் கேட்டால் சிரிப்பார்கள்.

இப்போது ரப்பரில் செய்த தவளைகளும், பளபளக்கும் தகட்டு மீன்களும் தபாலிலேயே வீடு தேடி வருகின்றன. நகரத்து வாலிபர்கள் அவற்றைச் சுழற்றி வீசி வராலும் பிடிக்கிறார்கள். அவர்களைப் பழிக்க நான் வரவில்லை. ஆனால் தகட்டு மீனை வாங்கியவனுக்குக் குளத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரை மீனைத் தானே பிடிக்கிறவன் அப்படித் தப்பிக்க முடியாது. எந்தக் கரையில் நிழல் எத்தனை நாழிகை நிற்கும், எங்கே மணல், எங்கே சேறு, எந்த மாதத்தில் எந்தக் குஞ்சு பொரிக்கும் என்பதையெல்லாம் அவன் தெரிந்துகொண்டே ஆகவேண்டும்.

இந்த வித்தை நம் நாட்டுக்கு நேற்று வந்ததல்ல. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு வாளையைக் காட்டுகிறார். பாணன் ஒருவன் நீண்ட மூங்கில் தூண்டிலில் கோத்துவிட்ட இரையை அது கவ்விக்கொண்டு தப்பிவிட்டது. அதற்குப் பின், நீரோரத்துப் பிரம்பின் நிழல் தண்ணீரில் நடுங்கினால்கூட, அதையும் தூண்டிற்கோல் என்று எண்ணி அஞ்சுகிறதாம். உ.வே. சாமிநாதையரவர்கள் பத்துப்பாட்டை 1889-ஆம் வருஷத்தில் அச்சிட்டுத் தந்திராவிட்டால் இந்த வாளை நம் கையிலிருந்தும் தப்பியிருக்கும். அந்தப் புலவர் கரையில் குடை பிடித்து நின்றவர் அல்லர் என்பது மாத்திரம் நிச்சயம்.

அதற்கப்புறம் பல நூற்றாண்டுகள் நம்மவர் தூண்டில் போட்டார்களே தவிர, அதைப் பற்றி உட்கார்ந்து எழுதியவர் அதிகமில்லை. 1873-ஆம் வருஷத்தில் சென்னை ராஜதானியின் ஸிவில் உத்தியோகஸ்தரான ஹென்றி ஸல்லிவன் தாமஸ் என்ற வெள்ளைக்காரர், இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு பெரும் புத்தகம் வெளியிட்டார். பிற்பாடு ஏரி, குளங்களுக்கென்றே தனியாக இன்னொன்றும் எழுதினார். அவருக்கு இடம் காட்டியவர்களும், விடியற்காலையில் இடுப்பளவு நீரில் நின்று இரை பிடித்துக் கொடுத்தவர்களும் நம்மவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் தாமஸ் துரையின் புத்தகத்தைக் காட்டிலும் தடித்ததாக இருந்திருக்கும்.

எனக்கு இதைக் கற்பித்த என் பெரிய மாமாவும் ஒரு வரி எழுதியவரல்லர். வெண்ணாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் அரை வேலி நிலமும் ஐந்து தூண்டிலும் உடையவர். இரண்டில் எது பிரதானம் என்று கேட்டால் அத்தைக்கு ஓர் அபிப்பிராயம், அவருக்கு ஓர் அபிப்பிராயம். விடுமுறைக்குப் போனால் கோழி கூவுமுன் என்னைத் தட்டி எழுப்பிவிடுவார்.

“தண்ணியைப் பார்த்து என்ன ஆகப்போவுது மாப்பிள்ளே? மீன்கொத்தி எங்கே குந்தியிருக்குன்னு பாரு. அது காரணமில்லாம ஒரு கொம்பில குந்தாது.”

இது அவருடைய முதற்பாடம். மீன்கொத்தி உட்காரும் கொம்புக்கு நேர் கீழே பொடி மீன் திரளும். அதற்கு அடுத்தபடி படித்துறை. பெண்டுகள் சோற்றுப் பானை கழுவும் படிகளில் பருக்கைக்காகக் கெண்டைக் குஞ்சுகள் கூட்டம் போடும். மூன்றாவது, மதகின் கீழ்ப்புறத்தில் ஓட்டம் சளைத்துச் சுழலும் இடம். வெயில் ஏறிவிட்டால் இவை எல்லாம் புல்லின் அடியிலும் ஆழத்திலும் போய்விடும். ஆகவே காரியம் சூரியோதயத்தை ஒட்டி முடியவேண்டும்.

பிடிக்கிற கருவிகளில் முதன்மையானது பழைய நாலு முழ வேஷ்டி. அது சலவை கண்டு கண்டு இழை விட்டுப்போனதாக இருப்பது விசேஷம். நெருக்க நெய்த புது வேஷ்டி தண்ணீரை வடியவிடாது. தூக்கும்போது நடுவில் தொப்பை போல உப்பிக்கொள்ளும், மீனெல்லாம் ஓரத்தில் வழிந்து போய்விடும். இந்த விஷயத்தில் நைந்த கதர்த்துண்டுக்கு ஈடு எந்த மில் துணியும் இல்லை என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்குச் சந்தோஷத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். இரண்டு பேர் நான்கு முனைகளையும் பிடித்து நீருக்கடியில் தாழ்த்தி, மூன்றாமவர் மேற்புறத்திலிருந்து காலால் அலைத்துக்கொண்டு மெள்ள வரவேண்டும். தூக்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நீர்மட்டம் வரையில் பூனை நடையாகத் தூக்கி, அங்கிருந்து ஒரே வீச்சாக மேலே எடுக்க வேண்டும்.

ஆள் துணை இல்லாதவனுக்குச் சட்டி. வாயகன்ற மண்சட்டியின் உட்புறத்தில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து அப்பி, வாயைத் துணியால் இறுகக் கட்டி, துணியின் நடுவில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் துளை செய்து, முழங்காலளவு நீரில் வைத்துவிட்டு வெற்றிலை போடப் போகலாம். புண்ணாக்கு வாசனைக்கு மீன்கள் துளை வழியே இறங்கும். திரும்ப வெளியேற முயலும்போது சட்டியின் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி வருமேயொழிய, தாங்கள் வந்த நடுவழியை அவை நினைப்பதில்லை. இன்றைய சிறுவர்கள் பிளாஸ்டிக் குப்பியின் கழுத்தை அறுத்துத் தலைகீழாக உள்ளே செருகி இதே தந்திரத்தைச் செய்கிறார்கள். தந்திரம் மாறவில்லை, சட்டி உடைந்தால் மண்ணாகிவிடும், குப்பி ஆகாது என்பதுதான் வித்தியாசம்.

வாய்க்கால் மடையில் வைக்கிற பறி இன்னும் நயமானது. மூங்கில் சிம்புகளால் முடைந்த நீண்ட கூடை அது. வாய் அகன்று, உள்ளே போகப் போகக் குறுகும். குறுகும் இடத்தில் சிம்புகளின் கூர்முனைகள் உள்நோக்கி நிற்கும். உள்ளே போகிற மீனுக்கு அவை வளைந்து கொடுக்கும். வெளியே வருகிற மீனுக்கு வேலியாக நிற்கும்.

அயிரைக்கு இவை எதுவும் அவ்வளவு உதவுவதில்லை. அது தரையோடு தரையாக, மணலில் புதைந்து வாழ்கிற பிராணி. கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். ஓட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் நெருங்க முடைந்த கூடையை மணலில் அழுத்திச் சாய்த்து வைத்துக்கொண்டு, மேற்பக்கத்து மணலைக் குதிகாலால் கலக்கிக்கொண்டே வரவேண்டும். கூடையை எடுத்தால் மணல், சருகு, நத்தை, இவற்றுக்கிடையே விரல் நீளத்தில் நாலைந்து துடிக்கும். பத்து முறை கலக்கினால்தான் ஒரு வேளைத் தூண்டிலுக்கு ஆகும். அரை நாள் வேலை என்றது இதைத்தான்.

பிடித்துவிட்டால் போதாது, உயிரோடு வைத்திருக்க வேண்டுமே! பெரும்பாலோர் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். மீன் நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைச் சுவாசிக்கிறது. 20 டிகிரி ஸென்டிகிரேட் உஷ்ணத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கக்கூடும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். உஷ்ணம் ஏற ஏற மீனுக்கு வேண்டிய பிராணவாயுவோ அதிகமாகிறது. வரவு குறைந்து செலவு ஏறினால் எந்தக் குடித்தனம் நடக்கும்? ஆகையால் குறுகிய கழுத்துள்ள குடம் கூடாது; காற்றுப்படும் பரப்பு அதிகமாயிருக்கும் அகன்ற மண்பானைதான் வேண்டும். மண்பானையின் பக்கங்களில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்ந்திருக்கும். இதை மாமா ரசாயனப் புத்தகத்தில் படித்தவரல்லர். ஈரத்துணியைப் பானையைச் சுற்றிப் போர்த்திப் புங்க மர நிழலில் வைத்து, அவ்வப்போது பழைய நீரில் ஒரு பங்கை இறைத்துவிட்டு, மீன் பிடித்த வாய்க்கால் நீரையே மெள்ள ஊற்றுவார். குழாய்த் தண்ணீர் எக்காரணத்தைக் கொண்டும் கூடாது. நம் உடம்புக்கு நன்மை செய்யும் குளோரின் மீனின் செவுளுக்கு யமன். கையை நனைத்துக்கொள்ளாமல் மீனைத் தொட்டாலும் அவருக்குக் கோபம் வந்துவிடும். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பான பூச்சைத் துடைத்துவிடும். அது மீனின் கவசம்.

கோக்கிற முறை இரண்டு. ஓடுகிற நீரானால் உதட்டில். தேங்கின நீரானால் முதுகுத் துடுப்பின் அடியில், முதுகெலும்பைத் தொடாமல். மயிலிறகுத் தண்டால் செய்த தக்கை நீரின் மேல் நிற்க, அல்லிக் கொடிகளின் ஓரமாக இரை சுதந்திரமாக நீந்தவேண்டும். வரால் அருகில் வந்தால் இரைக்கு முதலில் தெரிந்துவிடும். தக்கை காரணமில்லாமல் நடுங்கும். பிறகு தண்ணீரில் ஒரு சத்தம். வரால் இரையைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு கொடிகளுக்குள் போய், அங்கே தலைப்பக்கமாகத் திருப்பித்தான் விழுங்கும். அந்தச் சில கணங்கள் பொறுக்கத் தெரியாதவன் வெறும் முள்ளை இழுப்பான்.

இங்கே என் நண்பர் ஒருவரின் ஆட்சேபத்தைச் சொல்லவேண்டும். அவர் எங்கள் பள்ளியில் தமிழ்ப் பண்டிதர், வள்ளலாரிடத்தில் பக்தி உள்ளவர். “வராலைத் தின்பதற்காகக் கொல்கிறீர், சரி. அந்தச் சின்ன உயிரை உயிரோடு முள்ளில் குத்தி மணிக்கணக்காக நீந்தவிடுகிறீரே, இது என்ன நியாயம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்காட்லாந்து போன்ற சில நாடுகளில் உயிருள்ள மீனை இரையாகக் கோப்பதையே சட்டத்தினால் நிறுத்திவிட்டிருக்கிறார்கள். மீன் குழம்பு சாப்பிடுகிறவன் ஜீவகாருண்யத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தால் அவனுக்கே சற்றுக் கூச்சமாக இருக்கும். அவருக்கு நான் முழுவதும் திருப்தியான பதில் சொல்லிவிட்டதாகப் பாவிக்கவில்லை. கெளுத்திக்கும் விலாங்குக்கும் செத்த மீனின் துண்டே போதும், அவை மோப்பத்தால் இரை தேடுபவை என்பதால், அவற்றுக்கு உயிருள்ளதைக் கோப்பதில்லை என்று சொன்னேன். வராலுக்கும் மூன்று அல்லது நான்குக்கு மேல் எடுப்பதில்லை. தவளையைத் தொடுவதே இல்லை. தவளைக் காலுக்காக வயலையெல்லாம் காலி செய்து, பூச்சிகள் பெருகி, 1987-ஆம் வருஷத்தில் ஏற்றுமதியைத் தடுக்க நேர்ந்த கதையை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். பண்டிதர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “அப்படியானால் மூன்று நான்கு உயிருக்கு மாத்திரம் பதில் சொன்னால் போதும் என்கிறீர்” என்றார். அவர் சொன்னது இன்னமும் என் காதில் இருக்கிறது.

சின்ன மீன் அற்பமல்ல என்பதற்கு ஒரு தீவே சாட்சி. லக்ஷத்தீவுக் கூட்டத்தில் தென்கோடியிலுள்ள மினிக்காயில் சூரை மீன் பிடிக்கிறவர்கள் வலை வீசுவதில்லை. ஆளுக்கொரு கழி, அதில் ஒரு முள். ஆனால் அதிகாலையில் முதல் வேலை, பவளப் பாறைகள் சூழ்ந்த கழியில் பொடி மீன் பிடிப்பது. படகின் அடிப்பாகத்தில் ஓர் அறை. அதன் தளத்தில் துளைகள். துளைகளின் வழியே கடல்நீர் புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். பொடி மீன்கள் அதற்குள் உயிரோடு பிரயாணம் செய்கின்றன. சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அவற்றை வாரி இறைத்து, தண்ணீரையும் மழை போலத் தெளிப்பார்கள். சூரைகள் வெறிகொண்டு பாய, கழிகள் மேலும் கீழும் எழுந்து தாழும். இப்படிப் பிடித்த சூரையை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்ததுதான் மாசிக் கருவாடு. நமது தென்பாண்டிக் கடற்கரையிலும் இலங்கையிலும் அதன் ருசி அறியாதவர் இல்லை. இத்தனைக்கும் ஆதாரம் சுண்டுவிரல் அளவுள்ள மீன். அது அகப்படாத நாளில் பெரிய படகுகளும் கரையிலேயே கிடக்கவேண்டியதுதான். இரை மீன் தட்டுப்பாடே அந்தத் தொழிலுக்குப் பெரிய இடைஞ்சல் என்று கடல் மீன் ஆராய்ச்சியாளர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள்.

தஞ்சை ஜில்லாவிலே எங்களுக்குப் பவளப்பாறை இல்லை. மேட்டூர்தான் எங்கள் பஞ்சாங்கம். வழக்கமாக ஜூன் மாதம் 12-ஆம் தேதி அணை திறந்து, கல்லணை வழியாகப் பிரிந்து, வெண்ணாற்றின் கிளை வாய்க்கால்களுக்குப் புது நீர் வந்து சேரும். கோடை முழுவதும் மடுக்களில் அடைபட்டிருந்த மீன்கள் அந்த நீரை எதிர்த்து ஏறும், ஏறுவது முட்டையிடுவதற்கு. அந்தச் சில வாரங்களில் குழந்தை கை வைத்தாலும் மீன் அகப்படும். அந்த வாரங்களில் மாமா மாத்திரம் பறியைக் கூரையில் செருகிவிடுவார். “பிள்ளைத்தாச்சி நடந்துபோற பாதையில பள்ளம் வெட்டுவாங்களா?” என்பார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்று சர்க்கார் வைத்திருக்கிறார்கள். 2001-இல் 45 நாட்களாக ஆரம்பித்தது, 2017-இல் 61 நாட்களாயிற்று. எங்கள் வாய்க்காலுக்கு மாமாவின் கூரைதான் சட்டம்.

நான் கவலையோடு எழுத வந்த விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. சட்டியிலும் பறியிலும் விழுகிற மீன்கள் மாறிக்கொண்டு வருகின்றன.

நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்தாற்போல் ஒரு சிறு மீன் எங்கள் பக்கத்துக் குட்டைகளில் நீர்மட்டத்திலேயே திரியும். கொசுப் புழுக்களைத் தின்பது அதன் தினசரி உத்தியோகம். வீட்டிலேயே இப்படி ஒரு காரியஸ்தன் இருக்க, 1928-ஆம் வருஷத்தில் அதே வேலைக்காக இத்தாலி தேசத்திலிருந்து கம்பூஸியா என்ற அமெரிக்க ஜாதி மீனைத் தருவித்தார்கள். அது கொசுப் புழுவோடு நிற்கவில்லை. நம்முடைய பொடி மீன்களின் துடுப்பைக் கடிப்பதும் குஞ்சைத் தின்பதுமாக இருக்கிறது. 1952-இல் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த திலேப்பியா வந்தது. ஜனங்கள் வாயில் அது ஜிலேபி ஆயிற்று. குஞ்சுகளைத் தாய் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றுவதால் அதன் வம்சம் அழிவதில்லை. அதற்கப்பால் ஆப்பிரிக்கக் கெளுத்தி. காற்றையே சுவாசித்துச் சேற்றிலும் பிழைக்கும். வாய்க்கு அகப்பட்டதையெல்லாம் விழுங்கும். 2000-ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார் அதை வளர்க்கக்கூடாதென்று தடுத்தும், பண்ணைக் குட்டைகளிலிருந்து அது போய்விடவில்லை. வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் பாசி தின்பதற்காக வாங்கி, அலுத்துப்போனதும் ஆற்றில் விட்டுவிடுகிற தென்னமெரிக்க மீன் ஒன்றும் இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறது.

இவையெல்லாம் காலால் நடந்து குளத்துக்குக் குளம் போவதில்லை. வெள்ளத்தில் போகிறவை போக, மற்றவற்றை யாரோ ஒருவர் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போகிறார். அந்தப் பாத்திரம் பல சமயங்களில் தூண்டிற்காரனின் இரைப் பாத்திரமாக இருக்கிறது. மீனோடு நோயும் போகும். 1988-ஆம் வருஷத்தில் வடகிழக்கு மூலையில் இந்தியாவுக்குள் நுழைந்த புண் நோய் சில வருஷங்களில் தெற்கேயும் இறங்கிற்று. நான் சிறுவனாயிருந்தபோது சந்தைக்கு வந்த வரால்களின் உடம்பில் தீயால் சுட்டது போன்ற சிவந்த புண்கள் இருந்ததும், எங்கள் வீட்டில் ஒரு பருவம் முழுவதும் மீன் வாங்காததும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீரில் வாழும் ஒருவிதப் பூஞ்சணம் போன்ற கிருமியே அதற்குக் காரணம் என்று பின்னால் தெரிந்தது.

இங்கிலாந்தில் இதற்காக ஒரு விதி செய்திருக்கிறார்கள்: நன்னீர் மீனை இரையாக உபயோகித்தால், அது அந்த நீர்நிலையிலேயே பிடித்ததாக இருக்கவேண்டும். நம் கிராமங்களில் விதி இல்லாமலே அது நடந்துவந்தது. மண்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு எத்தனை தூரம்தான் போக முடியும்? மோட்டார் சைக்கிளும், மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியும், மின்கலத்தால் காற்று ஊதுகிற சிறு யந்திரமும் வந்த பிறகு முப்பது மைல் ஒரு தூரமா?

எங்கள் ஊர்க் குளத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் பக்கத்து நகரத்திலிருந்து ஓர் அன்பர் வருவதுண்டு. குளத்தை மீன்பாசி ஏலத்தில் எடுத்திருந்தவருக்கு வரால் பரம சத்துரு. தாம் விட்ட கட்லா, ரோகுக் குஞ்சுகளை அது தின்றுவிடுகிறதல்லவா? ஆகவே வராலுக்குத் தூண்டில் போடுகிறவர்களை அவர் தடுப்பதில்லை. அன்பர் ஏதோ ஒரு பண்ணையிலிருந்து வாங்கிய கறுத்த குஞ்சுகளை வாளியில் கொண்டுவருவார். சாயங்காலம் மிஞ்சியதைக் குளத்திலே கொட்டிவிட்டுப் போவார். ஒரு நாள் நான் அருகில் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“என்ன ஸார் இப்படிச் சொல்றீங்க? அதுவும் ஒரு உயிர்தானே? கொல்லாம தண்ணியில விட்டுட்டுப் போறேன். புண்ணியம்னு நினைச்சேன்” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கடிந்து பேச எனக்கு மனம் வரவில்லை. விட்ட ஓர் உயிர் தின்னப்போகிற நூறு உயிர்களைப் பற்றிப் படித்துறையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெறும் வாளியோடு வந்து, “இங்கே கெண்டைக் குஞ்சு எந்தப் பக்கம் ஸார் கிடைக்கும்?” என்று கேட்டார். மீன்கொத்தியைக் காட்டினேன்.

2017-ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் குளம் அடியோடு வற்றிற்று. சேற்றைக் கலக்கினபோது ஆப்பிரிக்கக் கெளுத்தி நாற்பத்திரண்டு அகப்பட்டது. ஒன்று என் முழங்கையைவிட நீளம். யார் விட்டவை என்பதற்கு ருசு ஒன்றும் இல்லை. வெள்ளத்தில் வந்தவையாகவும் இருக்கலாம். மீன் தன் விலாசத்தைச் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் நாலைந்தை அறுத்துப் பார்த்தோம். வயிற்றில் நத்தை, கெண்டைக் குஞ்சு, ஒன்றில் ஓர் அரைத் தவளை. அயிரை ஒன்றுகூட இல்லை. குளத்திலேயே இல்லாதது வயிற்றில் எப்படி இருக்கும்?

அடுத்த வருஷம் ஜூலை 19-ஆம் தேதி மேட்டூர் திறந்து, குளத்துக்கு மறுபடி நீர் வந்தது. பையன்கள் மூங்கில் தட்டி கட்டி மடைவாயில் வைத்தார்கள். பெரியவற்றை அது தடுக்கும், குஞ்சைத் தடுக்காது. அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். மாதம் ஒரு முறை, புது நீர் வரும் வாரங்கள் நீங்கலாக, அதே மடையில் அதே பறியை ஒரு ராத்திரி வைத்து, விழுந்ததை எண்ணி எழுதுகிறோம். முதல் இரண்டு வருஷத்துப் பக்கங்களில் அயிரை என்ற கட்டத்தில் பூஜ்யத்தைத் தவிர வேறில்லை. ஒரு பையன் அலுத்துப்போய்ப் பூஜ்யத்துக்குக் கண்ணும் மீசையும் வரைந்து வைத்திருக்கிறான்.

சென்ற ஐப்பசியில் எழுதியிருப்பது: சல்லிக் கெண்டை முப்பத்தொன்று, உளுவை ஆறு, ஆரால் ஒன்று, ஜிலேபி பதினெட்டு, கம்பூஸியா ஏராளம், அயிரை நான்கு. பறியைக் கவிழ்த்தவன் “ஸார், அயிரை!” என்று கத்தியதில் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான்கையும் கை நனைத்துக்கொண்டு எடுத்து, மடைக்கு மேற்புறத்து மணலில் விட்டோம். அன்றைக்குத் தூண்டிலில் கோத்தது கெண்டைக் குஞ்சு. வரால் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டதால் எட்டு மணிக்கே வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.